பேசாத மச்சானும் ஆயில் ஒழுகும் காரும்

திருநகர், மதுரை
28.2.2025

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

பாண்டியராஜன் வணக்கம். இங்கே நான், பாண்டீஸ்வரி, பையன் சூரியபிரகாஷ் மூவரும் சுகம். அங்கே நீங்கள், என் அக்கா அன்னக்கொடி, மருமகள் அஸ்வினி, கறவை மாடு எல்லாம் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அக்காவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

கவரைப் பார்த்ததும் உங்களுக்குக் கோபம் வரும். கிழித்துப் போடுவதற்கு முன்னால் ஒன்றை யோசியுங்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சிவராத்திரி அன்றைக்கு உங்கள் கருப்பு கோயிலில் சூடத்தை அடித்து நாம் இரண்டு பேரும் செய்த சத்தியம் என்ன? பூசாரி பேயாண்டி சொல்லச் சொல்ல நாம் திருப்பிச் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "நேர்லயும் பேச மாட்டேன், போன்லயும் பேச மாட்டேன், வாட்சப்புலயும் பேச மாட்டேன். பேசினா என் நாக்கு அழுகிப் போகட்டும்." தபாலைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. இந்தக் காலத்தில் எவன் லெட்டர் எழுதப்போகிறான் என்று விட்டிருப்பார். ஆகவே கருப்பு இதற்குக் கோபப்பட நியாயம் இல்லை.

விஷயம் காரைப் பற்றியது. நீங்கள் பன்னிரண்டு வருஷம் ஓட்டிவிட்டு எனக்குக் கொடுத்த அதே வெள்ளைக் கார். இப்போது நிறுத்துகிற இடத்தில் எல்லாம் ஆயில் சொட்டுகிறது. வாசலில் கோலம் போட முடியவில்லை என்று பாண்டீஸ்வரி தினமும் சுப்ரபாதம் பாடுகிறாள். பைபாஸ் ரோட்டில் ஒரு பட்டறையில் காட்டினேன். எஞ்சினின் பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும், அதற்குப் பதிலாகப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்றான். ஆகஸ்டில் ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் காட்டியாக வேண்டும். ஆயில் ஒழுகினால் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

அந்த எஞ்சினை உங்களுக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. ஒரு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
பாண்டியராஜன்


அலங்காநல்லூர்
10.3.2025

திருநகர் பாண்டியராஜனுக்கு,

காளை எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். மாடும் இருக்கிறது.

கிழிக்கத்தான் போனேன். உன் அக்கா பிடுங்கிக்கொண்டாள். இது உனக்கு எழுதும் பதில் இல்லை. காருக்கு எழுதுவது.

ஆயில் எங்கே சொட்டுகிறதோ அங்கேதான் ஓட்டை என்று நினைப்பவனுக்கு வண்டி எதற்கு? ஓட்டு வீட்டில் மழைத் தண்ணீர் ஓட்டைக்கு நேர் கீழேயா விழுகிறது? கட்டையைப் பிடித்து ஓடி எங்கேயோ சொட்டும். ஆயிலும் அப்படித்தான். மேலே கசிந்து, காற்றில் பின்னால் போய், கடைசியில் பின் சீல் இருக்கிற இடத்தில் சொட்டும். பட்டறைக்காரன் சொட்டுகிற இடத்தைப் பார்த்துவிட்டு கியர்பாக்ஸை இறக்கச் சொல்கிறான். இறக்காதே.

எஞ்சினை மண்ணெண்ணெய் போட்டுச் சுத்தமாகத் துடை. பிறகு ஒரு நாள் ஓட்டு. ஈரம் இருக்கிற இடத்தில் எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது எது என்று பார். எஞ்சின் உச்சியை மூடுகிற டேப்பட் கவரின் பேக்கிங்காகத்தான் இருக்கும். மாற்று. போல்ட்டை உன் பலத்தைக் காட்டி முறுக்காதே, பேக்கிங் பிதுங்கிவிடும்.

உன் அக்காவுக்கு முழங்கால் தேவலை. தைலத்தை அவளே தேய்த்துக்கொள்கிறாள், நான் தேய்த்தால் வலிக்கிறதாம்.

காளை


திருநகர்
2.4.2025

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கண்டு நாங்கள் மூவரும் பட்ட சந்தோஷத்தை எழுதினால் உங்களுக்குப் பிடிக்காது, அதனால் எழுதவில்லை. வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. அக்காவை மத்தியானத்தில் காட்டுப் பக்கம் அனுப்பாதீர்கள்.

நீங்கள் சொன்ன மாதிரியே செய்தேன். பசுமலையில் நான் வேலை பார்க்கிற காலேஜ் லேபில் எத்தனையோ குடுவைகளைக் கழுவியிருக்கிறேன், எஞ்சினைக் கழுவியது இதுதான் முதல் தடவை. நீங்கள் சொன்னதுதான் சரி. டேப்பட் கவர் ஓரம் முழுவதும் பிசுபிசுப்பு. பேக்கிங்கை நானே மாற்றினேன். சூரியபிரகாஷ் அதை வீடியோ எடுத்துக்கொண்டு, "அப்பா, நெசமாவே கழட்டிட்டீங்களே, மாட்டத் தெரியுமா?" என்று சிரித்தான். மாட்டினேன்.

நாலு நாள் தரை காய்ந்து கிடந்தது. நானும் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். ஐந்தாம் நாள் காலையில் பாண்டீஸ்வரி கூப்பிட்டுக் காட்டினாள். மறுபடியும் சொட்டு. இப்போது முறுக்குச் சுடுகிற பெரிய தட்டு வண்டிக்கு அடியில் இருக்கிறது. வீட்டில் என் நிலைமையை நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

அடுத்து எங்கே பார்ப்பது?

அஸ்வினி எப்படி இருக்கிறாள்? கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கள் அன்பு மறவாத,
பாண்டியராஜன்


அலங்காநல்லூர்
11.4.2025

பிரியமுள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ, பாண்டீஸ்வரி, மருமகன் எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் நன்றாக இருக்கிறேன். இதைப் போனில் சொல்ல வந்தால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். உன் மச்சானுக்குத் தெரியாது.

அஸ்வினிக்குச் சம்பந்தம் பேசி முடித்தாகிவிட்டது. மாப்பிள்ளை திருமங்கலத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறார். நல்ல பிள்ளை. ஆவணி பதிமூன்றாம் தேதி கல்யாணம். இதை உன் மச்சான் உனக்கு எழுதியிருக்க மாட்டார். எழுதவும் முடியாது. தாய்மாமனை வெற்றிலைத் தட்டோடு வீட்டுக்கு வந்து வாயால் அழைக்க வேண்டும். தபாலில் பத்திரிகை வந்தால் அது அழைப்பு ஆகுமா? அப்படி வந்தால் நீ வந்துவிடவும் மாட்டாய், வந்தாலும் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். தாய்மாமன் இல்லாமல் என் பிள்ளை மணவறையில் உட்கார வேண்டி வருமோ என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை தம்பி.

எதற்காக வந்த சண்டை இது? உன் மகனும் என் மகளும், "எங்களுக்குள்ள கட்டிக்கிற நெனப்பே இல்ல"ன்னு ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். அதோடு விட்டிருக்க வேண்டியதுதானே? கோயிலில் அம்புட்டுச் சனத்துக்கு முன்னால் நீ, "எம் மவனுக்கு வேணாமாம்"னு முந்திக்கொண்டு சொல்ல, "எம் பொண்ணை வேணாம்ங்கிறியா"ன்னு அவர் குதிக்க, சின்னஞ்சிறுசுகள் வேடிக்கை பார்க்க, கிழடுகள் சூடத்தை அடித்தன.

பூசாரியிடம் போய்க் கேட்டேன். சத்தியத்தை இறக்கி வைக்கலாம், ஆனால் இரண்டு பேரில் ஒருத்தன் முதலில் இறங்கி வரணும் என்கிறார். நான் ஏன் முதல்ல போகணும் என்று இவர் கேட்கிறார். நீயும் அதைத்தான் கேட்பாய்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். உன் கடிதம் வந்தால் கண்ணாடியைத் தேடி எடுத்து மூன்று முறை படிக்கிறார். காரைப் பற்றி எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதே.

உன் அக்கா,
அன்னக்கொடி


திருநகர்
25.4.2025

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். எல்லோரும் சுகம். சித்திரைத் திருவிழா நெருங்குகிறது, ஊரெல்லாம் பந்தல். நீங்கள் பதில் போடுவதற்கு முன்னாலேயே நான் மறுபடி எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ஓட்டை எது என்று கண்டுபிடிக்க நானே ஒரு வழி செய்தேன். எஞ்சினை நன்றாகத் துடைத்துவிட்டு, மேலிருந்து கீழே வரைக்கும் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினேன். பாண்டீஸ்வரியின் பவுடர்தான். அரை மணி ஓட்டிவிட்டுப் பார்த்தால், எஞ்சின் பக்கவாட்டில் பிளக்குக்குக் கரண்ட் அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டர் அடியில் பவுடர் நனைந்து ஒரு கோடு இறங்கியிருந்தது. மெக்கானிக்கிடம் சொல்லி அங்கே இருந்த ரப்பர் வளையத்தை மாற்றினேன். அந்த இடம் காய்ந்துவிட்டது. ஒரு வாரம் கழித்து எஞ்சினுக்கு முன்பக்கம் ஒழுக ஆரம்பித்துவிட்டது!

பாண்டீஸ்வரிக்கு இப்போது பவுடரும் போச்சு, முறுக்குத் தட்டும் போச்சு.

ஆவணி மாதம் எனக்கு லீவு நிறைய மிச்சம் இருக்கிறது. வண்டி சரியாகிவிட்டால் எங்கே வரச் சொன்னாலும் வருவேன்.

அக்காவுக்கும் அஸ்வினிக்கும் என் அன்பு.

பாண்டியராஜன்


திருநகர்
3.6.2025

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். சித்திரை போய் வைகாசியும் முடியப் போகிறது. உங்களிடமிருந்து கடிதம் இல்லை. தபால்காரர் சோணை எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, "சார், அலங்காநல்லூர் இன்னைக்கும் இல்ல சார்" என்று அவரே சொல்லிவிட்டுப் போகிறார். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அக்காவிடம் போனில் கேட்டால், "நல்லாத்தேன் இருக்காரு" என்று பேச்சை மாற்றுகிறாள்.

நான் போன கடிதத்தில் ஏதாவது தப்பாக எழுதியிருந்தால் அதைக் காரின் தலையில் கட்டிவிடாதீர்கள். பாவம், அது வயசான ஜீவன். நேற்று இரும்புக் கடைக்காரர் ஒருவர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்து, டயரைக் காலால் தட்டிவிட்டுப் போனார். பாண்டீஸ்வரிதான் வரச் சொல்லியிருக்கிறாள். அவளையும் குறை சொல்ல முடியாது.

எனக்கு மனசு இல்லை மச்சான். அந்த வண்டியை விற்றுவிட்டால் உங்களுக்கு எதைப் பற்றி எழுதுவேன்?

பாண்டியராஜன்


அலங்காநல்லூர்
16.6.2025

பாண்டியராஜனுக்கு,

காளை எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. கிணற்று மோட்டார் ரிப்பேர், வேலை சரியாக இருந்தது என்று எழுதலாம். அது பொய். உன் சித்திரை மாதத்துக் கடிதத்தில் கடைசியில் லீவு பற்றி எழுதியிருந்தாயே, அதைப் படித்தபிறகு பேனா ஓடவில்லை. உன் அக்கா உன்னிடம் சொல்லிவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன். அதற்குப் பதில் தபாலில் எழுதுகிற வழக்கம் நம்மில் இல்லை. ஆகவே எழுதவில்லை. இப்போதும் எழுதவில்லை.

காருக்கு வருகிறேன். வரப்பில் உட்கார்ந்து யோசித்தேன். முதலில் மேலே ஒழுகியது. அதை அடைத்தோம். பக்கத்தில் ஒழுகியது. அதையும் அடைத்தோம். இப்போது முன்னால். ஒரே சமயத்திலா எல்லாப் பேக்கிங்கும் கெட்டுப்போகும்? நான் டேப்பட் கவர் என்று சொன்னது பாதிதான் சரி. ஒழுகுகிற இடத்தையே துரத்திக்கொண்டிருந்தோம், உள்ளே எது தள்ளுகிறது என்று பார்க்கவில்லை.

எஞ்சினுக்கு உள்ளே சூட்டில் காற்று சேரும். அது வெளியேற பிரீதர் என்று ஒரு குழாய் உண்டு. அது அடைத்துவிட்டால் காற்றுக்குப் போக வழி இல்லை. எந்த இடம் இளைத்திருக்கிறதோ அங்கே ஆயிலைப் பிதுக்கிக்கொண்டு வரும். நீ எத்தனை சீல் மாற்றினாலும் அடுத்ததைத் தேடும்.

சோதித்துப் பார். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றுகிற துவாரத்தின் மூடியைத் திருகாமல் சும்மா அதன் மேல் வை. ஆடாமல் இருந்தால் நான் சொன்னது தப்பு. துள்ளினால் குழாய் அடைத்திருக்கிறது.

இரும்புக் கடைக்காரனை உள்ளே விடாதே.

காளை


திருநகர்
27.6.2025

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

துள்ளியது! இட்லிச் சட்டி மூடி மாதிரி குதித்துக் கீழே விழுந்தது. புகை வேறு புசுபுசுவென்று வந்தது. பாண்டீஸ்வரி கூட, "அண்ணே அங்கிட்டு உக்காந்துக்கிட்டே கண்டுபிடிச்சிட்டாரே" என்றாள். இரும்புக் கடைக்காரரைப் போனில் கூப்பிட்டு வேண்டாம் என்று சொன்னதும் அவள்தான்.

முன்பக்க ஆயில் சீலை மட்டும் மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றிவிட்டேன். அந்தக் குழாய்தான் தொல்லை. எஞ்சினுக்குப் பின்னால் சந்தில் போகிறது. காய்ந்து கல்லாகிவிட்டது, இழுத்தால் உடைந்துவிடும் போலிருக்கிறது. ஒருத்தர் இந்தப் பக்கம் பிடித்துக்கொண்டால்தான் இன்னொருத்தர் அந்தப் பக்கம் கழற்ற முடியும். சூரியபிரகாஷ் வேலை விஷயமாகக் கோயம்புத்தூரில் இருக்கிறான். மெக்கானிக் என்றால் அறுத்துப் போட்டுவிடுவான்.

எனக்கு இரண்டு கை போதவில்லை மச்சான். இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க மீனாட்சியை வேண்டுகிறேன்.

பாண்டியராஜன்


அலங்காநல்லூர்
21.7.2025

பாண்டியராஜனுக்கு,

வருகிற ஞாயிறு காலையில் வருகிறேன். புதுக் குழாய் நான் வாங்கி வருகிறேன். கார் வேலைக்கு மட்டும்தான் வருகிறேன். பேச மாட்டேன். நீயும் பேசாதே. பெற்ற பிள்ளைக்குக் கல்யாணத்தை வைத்துக்கொண்டு நாக்கு அழுகிப்போய் நிற்க முடியாது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு தங்கச்சியைச் சிரமப்பட வேண்டாம் என்று சொல். கறிக்குழம்பு என்றால் மட்டும் இருக்கிறேன்.

காளை


திருநகர்
28.7.2025

அன்புள்ள மதினிக்கு,

பாண்டீஸ்வரி எழுதிக்கொள்வது. நீங்களும் அஸ்வினியும் சௌக்கியமா? அண்ணன் நேற்று ராத்திரியே வீட்டுக்கு வந்து எல்லாம் சொல்லியிருப்பார். ஆனால் அவர் சொன்னது பாதிதான் இருக்கும். மீதியை நான் சொல்கிறேன். போனில் சொன்னால் நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிடும், அப்புறம் அழுகையும் வரும்.

காலையில் அண்ணன் வந்தார். இவர் வாசலில் நின்றார். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து, பெண் பார்க்க வந்த மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்கள். நேரே காருக்குப் போய்விட்டார்கள். அதற்கப்புறம் என் பாடுதான் திண்டாட்டம்.

அண்ணன், "தங்கச்சி, பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடுக்கச் சொல்லும்மா" என்பார். ஒரு முழம் தள்ளி நிற்கிற இவர், "பாண்டீசு, பன்னெண்டுதேன் அதுக்குச் சேரும்னு சொல்லு" என்பார். "நான் இம்புட்டு வருசம் இந்த வண்டிய ஓட்டுனவன்னு சொல்லும்மா." "ஓட்டுனா போதுமா, போல்ட்ட அளந்து பாக்கச் சொல்லு." அடுப்பில் கறி கொதிக்கிறது, நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று தந்தி அடித்துக்கொண்டிருக்கிறேன். கடைசியில் எந்த ஸ்பேனர் சேர்ந்தது தெரியுமா? பதின்மூன்று.

குழாயைக் கழற்றி எடுத்தார்கள். உள்ளே கருப்பட்டிப் பாகு மாதிரி அடைத்துக் கிடந்தது. இரண்டு பேரும் அதை எட்டிப் பார்த்து ஒரே நேரத்தில் தலையை ஆட்டினார்கள். எனக்கு அப்போதே ஒரு மாதிரி ஆகிவிட்டது. எல்லாவற்றையும் பெட்ரோலில் கழுவி, புதுக் குழாயை மாட்டினார்கள். என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, எஞ்சின் சத்தத்தில் சொன்னால் கேட்காது, காரின் முன் மூடிக்கு வெளியே அண்ணன் கையைத் தூக்கினால் சாவியைத் திருப்பு என்று ஏற்பாடு. பல தடவை திருப்பினேன், நிறுத்தினேன். ஆயில் மூடி ஆடவே இல்லை மதினி. வைத்த இடத்தில் அப்படியே இருந்தது.

அப்போது எஞ்சின் நல்ல சூடு. நிறுத்தியாகிவிட்டது. குழாயை இறுக்குகிற வளையம் ஒன்று ரேடியேட்டர் பக்கம் விழுந்துவிட்டது. அண்ணன் ஃபேன் இருக்கிற சந்துக்குள் கையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தார். உள்ளே இருட்டு. இவர் கையில் டார்ச் லைட் இருந்தது. வாயால் கேட்டிருந்தால் ஒரு வார்த்தை. கேட்கக் கூடாதே! இன்னொரு கையைத் தூக்கி லைட்டைக் காட்டச் சொல்லி ஜாடை செய்தார். காலையிலிருந்து தூக்கின கைக்கு எனக்கு என்ன அர்த்தம்? நான் சாவியில் கையை வைத்துவிட்டேன்.

"மச்சான்! கைய எடுங்க!"

தெருவே அதிர்கிற மாதிரி இவர் கத்தினார். அண்ணன் வெடுக்கென்று கையை இழுத்தார். நான் அதற்குள் சாவியைத் திருப்பிவிட்டேன். ஃபேன் விர்ரென்று சுற்றியது. எப்படி நிறுத்தினேன் என்றே தெரியவில்லை.

அண்ணன் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அஞ்சும் இருந்தது. இவர் அப்போதுதான் தான் பேசிவிட்டதை உணர்ந்து வாயைப் பொத்தினார். ஆயில் கை, மீசையெல்லாம் கறுப்பு. முகம் வெளிறிப்போய்விட்டது. சத்தியத்தை உடைத்தது இவர் ஒருத்தர்தானே? அண்ணன் வாயைத் திறக்காமல் அப்படியே கிளம்பிப் போயிருந்தால் பழியெல்லாம் இவர் தலையில். நான் கருப்பை நினைத்துத் தாலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணன் இவர் பக்கத்தில் வந்தார். கழுத்துத் துண்டை எடுத்து இவர் மீசையைத் துடைத்தார்.

"ஏண்டா மாப்ள, நாக்கு அழுகுறதுன்னா நீ மட்டுமாடா அழுகணும்? இந்தா, நானும் பேசிட்டேன். ரெண்டு பேருக்கும் சேந்தே அழுகட்டும்" என்றார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஆவணி பதிமூணு அஸ்வினிக்குக் கல்யாணம். தாய்மாமன் நீ வந்து முன்னால நிக்கணும். வாயால கூப்பிடுறேன், கேட்டுக்க" என்றார்.

இவர் தேம்பிக்கொண்டே என்ன சொன்னார் தெரியுமா? "ஆடி மாசத்துல யாராச்சும் கல்யாணத்துக்கு அழைப்பாகளா மச்சான்?"

"சரி, இத கணக்குல வச்சுக்காத. ஆவணி ஒண்ணு தட்டோட வாரேன்."

அப்புறம் இரண்டு பேரும் வாயை மூடவே இல்லை. கறிக்குழம்பு ஆறி, நான் இரண்டு தடவை சூடு பண்ணினேன். இன்று காலையில் வண்டிக்கு அடியில் விரித்து வைத்திருந்த அட்டையை இழுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

உங்கள் அன்பு,
பாண்டீஸ்வரி


அலங்காநல்லூர்
5.9.2025

பிரியமுள்ள பாண்டீஸ்வரிக்கு,

அன்னக்கொடி எழுதுகிறேன். கல்யாண அலுப்பு தீர்ந்து இன்றைக்குத்தான் காலை நீட்டி உட்கார்ந்தேன். மறுவீடு முடிந்து அஸ்வினி திருமங்கலம் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது. தம்பிக்கு மொய் எழுதுகிற இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டது என்றானே, இப்போது தேவலையா?

உன் ஆடி மாசத்துக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கு இல்லை. அதற்குப் பதில் போடாமல் இருந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. பந்தக்கால், பலகாரம், ஜவுளி என்று ஒரே ஓட்டம். கோயிலுக்கு நாம் எல்லோரும் போனபோது பூசாரி இரண்டு பேரையும் ஒரே இலையில் உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்லிச் சத்தியத்தை இறக்கினாரே, அன்றைக்கே பாதி பாரம் குறைந்தது. "கைய காப்பாத்தப் பேசினவன் நாக்க கருப்பு ஏண்டா அழுகவிடப் போகுது, கூறுகெட்ட பயலுகளா" என்று அவர் திட்டினது எனக்குக் காதில் தேன். ஆர்.சி.க்குக் காட்டப் போன இடத்தில் ஆபீஸர் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார் என்று தம்பி சொன்னபோது, இவர் என்னமோ பிள்ளை பாஸான மாதிரி தெருவுக்கெல்லாம் சொன்னார்.

கல்யாணத்தன்று முகூர்த்த நேரத்தில் நான் எங்கே போனேன் என்று நீ கேட்டாய். ஐயர் "தாய்மாமன் எங்கே, பொண்ணோட அப்பா எங்கே" என்று கேட்க, நீ மண்டபம் முழுக்க என்னைத் தேடியிருக்கிறாய். அப்போது பதில் சொல்ல முடியவில்லை. சொன்னால் எல்லோருக்கும் முன்னால் அழுதிருப்பேன். இப்போது சொல்கிறேன்.

அவர்களைத் தேடித்தான் போனேன். மண்டபத்துக்குப் பின்னால், வேப்ப மரத்தடியில் வெள்ளைக் கார் நின்றது. முன் மூடி திறந்திருந்தது. இரண்டு பேரும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையை உள்ளே விட்டபடி நிற்கிறார்கள். எந்த ஆயில் ஊற்றுவது என்று வாக்குவாதம். "கெட்டி ஆயில் ஊத்து மாப்ள, பழைய வண்டிக்கு அதுதேன்" என்கிறார் இவர். "உங்க காலத்துப் பேச்ச விடுங்க மச்சான்" என்கிறான் அவன். பேச்சு ஏறுகிறது, இறங்குகிறது, நடுவில் இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். உள்ளே நாதஸ்வரம் நின்றுவிட்டது. ஐயர் கூப்பிடுகிறார். நேரம் போகிறது என்று எனக்குத் தெரியும்.

கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன் பாண்டீஸ்வரி. கூப்பிடவில்லை. இன்னும் கொஞ்சம் பேசட்டும் என்று தூண் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

உன் மதினி,
அன்னக்கொடி